கண்ணின் உரிமையும் கடைத்தெருப் பட்டியலும்

 

நம் இல்லங்களில் மருத்துவமனைக்குச் செல்லும் நாள் எவ்வாறு முடிவு செய்யப்படுகிறது என்பதைச் சற்றே கவனித்துப் பாருங்கள். 'டவுனுக்குப் போகிற வேலை எப்படியும் இருக்கிறது. அப்படியே கண்ணையும் காட்டிவிட்டு வந்துவிடலாம்' என்றுதான் பேச்சுத் தொடங்கும். மேலூரிலிருந்தோ, திருமங்கலத்திலிருந்தோ, சோழவந்தானிலிருந்தோ மதுரைக்குப் பேருந்து ஏறும் நம் வீட்டுப் பெண்களின் கைப்பையில் மடித்து வைத்த சீட்டு ஒன்று இருக்கும். கீழமாசி வீதியில் மளிகை, விளக்குத்தூண் பக்கம் துணி, பேரனுக்கு மத்ரஸா கிதாபு, மருமகளுக்குத் தையற்கடையில் கொடுத்து வைத்த ரவிக்கை, உடல்நலமில்லாத உறவினர் ஒருவரைப் பார்த்து வருதல் என அது நீண்டுகொண்டே போகும். அந்தச் சீட்டின் ஏதோ ஒரு மூலையில் 'கண் ஆஸ்பத்திரி' என்ற இரு சொற்களும் இடம்பெற்றிருக்கும். பல வீடுகளில் அவை எழுதப்படுவதுகூட இல்லை. தமக்காகச் செய்துகொள்ள வேண்டியதை எழுதி வைக்கும் பழக்கம் நம் தாய்மார்களுக்கு இல்லை.

மதுரையில் கண் மருத்துவமனைக்குச் சென்று வந்தவர்கள் பின்வரும் காட்சியைப் பலமுறை கண்டிருப்பார்கள். முதலில் எழுத்துப் பலகையைப் படிக்கச் சொல்வார்கள். கண்ணின் அழுத்தத்தை அளப்பார்கள். அதன்பின் பணியாளர் ஒருவர் சொட்டு மருந்துப் புட்டியுடன் வரிசையாக வருவார். அதுவரை பொறுமையோடு அமர்ந்திருந்த பெண்மணி அப்போதுதான் வாய் திறப்பார். 'மருந்து வேணாம்மா, சும்மா பாத்துச் சொல்லச் சொல்லுங்க. இன்னும் கடைக்கெல்லாம் போகணும். இதை விட்டா மங்கலாயிரும்.' அடுத்த முறை விட்டுக்கொள்வதாகச் சொல்லி எழுந்து சென்றுவிடுவோரும் உண்டு. ஓராண்டாக ஒத்திப்போடப்பட்டு வந்த சோதனையின் மிக முக்கியமான பகுதி, கால் கிலோ கசகசாவுக்காகவும் இரண்டு மீட்டர் துணிக்காகவும் மேலும் ஓராண்டு தள்ளிப்போகிறது.

இதனை அறியாமை என்று சொல்லி நம்மில் பலர் கடந்துவிடுகிறார்கள். அவ்வாறு கடந்து செல்வது நியாயமன்று. அந்தப் பெண்மணிக்குத் தம் கண்ணைப் பற்றிய அக்கறை இருந்ததால்தான் அவர் அங்கு வந்தார். இரண்டு மணி நேரம் வரிசையிலும் இருந்தார். அவருடைய கையில் உள்ள சீட்டை வாங்கிக்கொள்ள வீட்டில் ஆள் முன்வரவில்லை என்பதுதான் உண்மையான காரணம். இக்கட்டுரையில் நாம் பேச விரும்புவது அந்தச் சீட்டைப் பற்றித்தான்.

முதலில் அந்தச் சொட்டு மருந்தின் வேலை என்ன என்பதை அறிந்துகொள்வோம். நம் கண்ணின் நடுவே கறுப்பாகத் தெரியும் பாவை ஒரு சிறிய சாளரம் போன்றது. வெளிச்சம் பட்டால் அது சுருங்கிவிடும். பார்வைக்கு ஆதாரமான விழித்திரை, கண்ணின் பின்சுவரில் படிந்திருக்கிறது. சுருங்கிய சாளரத்தின் வழியே எட்டிப் பார்த்தால் அந்தச் சுவரின் நடுப்பகுதி ஓரளவுக்குத் தெரியலாம், ஓரங்கள் தெரியா. பாவையை விரித்து, சில மணி நேரத்துக்குச் சுருங்காமல் வைத்திருப்பதே சொட்டு மருந்தின் பணி. அதன் விளைவாகத்தான் அருகில் உள்ள எழுத்துகள் கலங்குகின்றன. வெயில் ஊசி போல் குத்துகிறது. பெரும்பாலானோருக்கு நான்கு முதல் ஆறு மணி நேரத்தில் பார்வை பழைய நிலைக்குத் திரும்பிவிடும். அதுவரை இருசக்கர வாகனம் ஓட்டக் கூடாது.

சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு இச்சோதனை ஏன் இன்றியமையாதது? நீண்ட நாள் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை, விழித்திரையில் உள்ள நுண்ணிய இரத்த நாளங்களைப் பழுதாக்குகிறது. அவை கசிகின்றன, அடைபடுகின்றன, பின்னர் வலுவற்ற புதிய நாளங்கள் முளைத்து, ஒரு நாள் உடைந்து, கண்ணுக்குள்ளேயே இரத்தம் பெருகுகிறது. இவ்வளவும் நடந்துகொண்டிருக்கும்போது தொடக்கத்தில் வலி இராது, சிவப்பு இராது, குர்ஆனை ஓதுவதில்கூடத் தடுமாற்றம் தெரியாது. பார்வை மங்கத் தொடங்கும்போது நோய் பெரும்பாலும் வெகுதூரம் சென்றிருக்கும். லேசர் சிகிச்சையும் கண்ணுக்குள் செலுத்தும் ஊசி மருந்தும் இருக்கும் பார்வையைக் காப்பாற்றித் தருவதில் வல்லவை; போய்விட்ட பார்வையை முழுமையாக மீட்டுத் தருவது அரிது. அதனால்தான் வளர்ந்த பருவத்தில் வரும் சர்க்கரை நோய் கண்டறியப்பட்ட உடனேயே ஒரு முறையும், அதன்பின் ஆண்டுக்கு ஒரு முறையும் விழித்திரையைச் சோதித்துக்கொள்ளுமாறு மருத்துவர்கள் வலியுறுத்துகிறார்கள். சர்க்கரை நோயுள்ள பெண் கருவுற்றால் இன்னும் விரைவாகச் சோதிக்க வேண்டும். 'நல்லாத்தானே தெரியுது, எதுக்கு ஆஸ்பத்திரி?' என்ற கேள்வி வேறு பல நோய்களில் பொருந்தலாம். இந்த நோயில் அது பொருந்தாது.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடத்தப்பட்டு 2023-இல் வெளியான ஆய்வு, இந்தியாவில் ஏறத்தாழ 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகவும், மேலும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில் நிற்பதாகவும் கணித்தது. நம் சமுதாயத்துக்கெனத் தனிக் கணக்கு நமக்குத் தேவையில்லை. ஒரு நிகாஹ் விருந்தின் பந்தியில் அமர்ந்து, இலை போடுவதற்கு முன் எத்தனை பேர் சட்டைப் பையிலிருந்து மாத்திரையை எடுக்கிறார்கள் என்று எண்ணினாலே போதும். அடுத்து வரும் பிரியாணியையும் அதற்குப் பின் வரும் இனிப்பையும் பற்றி இங்கே பேசப் போவதில்லை. அது தனிக் கட்டுரைக்குரியது.

மார்க்கம் இது குறித்து என்ன சொல்கிறது? அப்துல்லாஹ் இப்னு அம்ர் (ரலி) அவர்கள் பகலெல்லாம் நோன்பும் இரவெல்லாம் தொழுகையுமாக இருந்தபோது, நபி (ஸல்) அவர்கள் அவரை அழைத்து, உடலுக்கும் கண்ணுக்கும் மனைவிக்கும் அவர் மீது உரிமைகள் உள்ளன என்று உணர்த்திய செய்தி ஸஹீஹுல் புகாரியில் இடம்பெற்றுள்ளது. நாம் இதைப் பெரும்பாலும் வணக்கத்தில் நடுநிலை பேணுவதற்கான ஆதாரமாக மட்டுமே பாடம் நடத்துகிறோம். ஆனால் உடலைப் பொதுவாகக் குறிப்பிட்டதோடு நிறுத்தாமல், கண்ணை அவர்கள் தனியே எடுத்துச் சொன்னார்கள். இரவுத் தொழுகை போன்ற உயர்ந்த அமலுக்காகக்கூடக் கண்ணின் உரிமையைப் பறிக்கக் கூடாது என்றால், மளிகைக் கடைக்காகப் பறிப்பது எவ்வாறு தகும்?

மருத்துவம் செய்துகொள்ளலாமா என்று கிராமப்புற அரபிகள் கேட்டபோது, செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்ததும், முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கு அல்லாஹ் மருந்தை வைத்திருக்கிறான் என்று அறிவித்ததும் உஸாமா இப்னு ஷரீக் (ரலி) வழியாக அபூதாவூதிலும் திர்மிதியிலும் பதிவாகியுள்ளன. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கச் சொன்ன செய்தியை நம் மத்ரஸாவின் சிறு பிள்ளைகளும் அறிவார்கள். ஷாம் நாட்டில் கொள்ளைநோய் பரவியபோது, ஸர்ஃக் என்னுமிடம் வரை வந்துவிட்ட உமர் (ரலி) அவர்கள் படையோடு திரும்ப முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்று அபூஉபைதா (ரலி) கேட்டார்கள். ஓரிடத்தின் விதியிலிருந்து அல்லாஹ் வைத்த மற்றொரு விதியின் பக்கமே செல்கிறோம் என்ற கருத்தில் உமர் (ரலி) விடையளித்தார்கள். இவற்றையெல்லாம் அறிந்திருந்தும், 'அல்லா பாத்துக்குவான்' என்ற சொல்லை நாம் சோதனையைத் தள்ளிப்போடுவதற்கான சீட்டாகவே பயன்படுத்தி வருகிறோம்.

இன்னும் ஒரு செய்தியைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரு கண்களை இழந்து பொறுமை காத்த அடியானுக்குச் சுவனத்தை ஈடாகத் தருவதாக அல்லாஹ் வாக்களிக்கும் ஹதீஸ் குத்ஸி, அனஸ் (ரலி) வழியாகப் புகாரியில் வந்துள்ளது. பார்வையிழந்தோருக்கு இதைவிடப் பெரிய ஆறுதல் வேறெதுவும் இல்லை. அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) போன்ற பார்வையற்ற நபித்தோழர் மதீனாவில் முஅத்தினாக இருந்தார். நபியவர்கள் வெளியூர் சென்றபோது அவர்களின் பிரதிநிதியாகவும் நியமிக்கப்பட்டார். பார்வையின்மை இழிவன்று. ஆயினும் இந்த ஹதீஸ், சோதனைக்கு ஆளாகிவிட்ட அடியானின் பொறுமைக்கு உரியது. காக்கக்கூடிய கண்ணைக் காக்காமல் விடுவதற்குப் பொறுமை என்று பெயரிட முடியாது. வீட்டில் ஒரு முதியவளின் பார்வை போனபின் இந்த ஹதீஸைச் சொல்லி அவளைத் தேற்றும் பிள்ளைகள், அவளுக்குப் பார்வை இருந்தபோது எங்கே இருந்தார்கள் என்ற கேள்வியும் கூடவே எழுகிறது.

கண் மருத்துவம் நம் முன்னோருக்கு அந்நியமான துறையன்று. கண் மருத்துவரை அரபியில் கஹ்ஹால் என்பார்கள்; கண்ணுக்கு இடும் குஹ்ல் என்னும் சுர்மாவிலிருந்து பிறந்த சொல் அது. பக்தாதில் வாழ்ந்த அலீ இப்னு ஈஸா, கண் மருத்துவர்களுக்கென்றே எழுதிய 'தத்கிரத்துல் கஹ்ஹாலீன்' பல நூற்றாண்டுகள் பாடநூலாக விளங்கியது. மவ்ஸில் நகரத்தவரான அம்மார் இப்னு அலீ, உள்ளே துளையுள்ள ஊசியைக் கொண்டு கண்புரையை உறிஞ்சி எடுக்கும் முறையை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே எழுதி வைத்தார். (சுர்மா என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. சோதனைக்குச் செல்லும் நாளில் அதை இட்டுக்கொண்டு போகாதீர்கள். கடையில் விற்கும் சுர்மாக்களில் பல ஈயம் கலந்தவை என்று மருத்துவர்கள் எச்சரிப்பதையும் பிள்ளைகளுக்கு இடும்போது மனத்தில் கொள்ளுங்கள்.)

மதுரை மண்ணில் வாழ்பவர்களுக்கோ இவ்விஷயத்தில் சாக்குச் சொல்ல இடமே இல்லை. இன்று அரசு இராசாசி மருத்துவமனை எனப்படும் அன்றைய எர்ஸ்கின் மருத்துவமனையில் கண் பிரிவை நடத்திய டாக்டர் ஜி. வெங்கடசாமி, அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றபின் தம் 58-ஆம் வயதில், 1976-இல், 11 படுக்கைகளோடு தொடங்கியதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. இளமையிலேயே மூட்டுவாத நோயால் அவருடைய விரல்கள் கோணிப்போயிருந்தன. அந்த விரல்களைப் பழக்கி ஓர் இலட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகளை அவர் செய்தார். கட்டணம் செலுத்த இயன்றவர்களின் வருவாயைக் கொண்டு, இயலாதவர்களுக்குக் கட்டணமின்றியோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை அளிப்பது அந்நிறுவனத்தின் முறை. கண்ணுக்குள் பொருத்தும் வில்லைகள் வெளிநாட்டிலிருந்து பெரும் விலையில் வந்துகொண்டிருந்த காலத்தில், 1992-இல் மதுரையிலேயே ஆரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி அவற்றின் விலையை ஏழைக்கும் எட்டும்படி செய்தார்கள். அவர் 2006-இல் மறைந்தார். உலகின் பல நாடுகளிலிருந்து மருத்துவர்கள் அண்ணா நகருக்கு வந்து இந்த முறையைக் கற்றுச் செல்கிறார்கள். நாமோ கோரிப்பாளையத்திலிருந்து அண்ணா நகர் செல்வதற்கு ஓராண்டு யோசிக்கிறோம்.

அந்நிறுவனத்தைப் பற்றிக் குறிப்பிட வேண்டிய மற்றொரு செய்தி, நம் பெண்களின் தயக்கம் ஒன்றுக்கு விடையாகும். கிராமத்து இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியளித்து, எழுத்துப் பலகைச் சோதனை முதல் அழுத்தம் அளப்பது, மருந்து விடுவது வரை பெரும்பாலான பணிகளை அவர்களைக் கொண்டே அங்கு செய்கிறார்கள். அந்நிய ஆண் தொடுவாரோ என்ற கூச்சத்தால் ஒதுங்கும் சகோதரிகள் இதை அறிந்துகொள்ள வேண்டும். பெண் மருத்துவர் வேண்டும் என்று கேட்பதிலும் தவறில்லை. கிடைக்காத நிலையில், தேவையின் அளவுக்கு ஆண் மருத்துவர் பார்ப்பதை நம் ஃபிக்ஹு நூல்கள் அனுமதிக்கவே செய்கின்றன.

பயணச் செலவும் இப்போது காரணமாகாது. 2021 மே மாதம் முதல் அரசின் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிச் செல்கிறார்கள். அதே ஆண்டு ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, இரத்த அழுத்த மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. இந்தத் திட்டத்தை நாம் மனமாரப் பாராட்டுகிறோம். ஆயினும் இதிலொரு நுணுக்கம் உண்டு. மாத்திரை வீடு தேடி வந்துவிடுவதால், 'நம்மளத்தான் பாத்துக்கிறாங்களே' என்ற நிறைவு ஏற்பட்டுவிடுகிறது. மாத்திரையைக் கொண்டுவந்து கொடுக்கும் சகோதரியால் விழித்திரையைப் பார்க்க இயலாது. அதற்கு நாம்தான் போக வேண்டும்.

இனி, சோதனை முடிந்தபின் வரும் பிற்பகலுக்கு வருவோம். அண்மையில் பதினைந்து ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் உள்ள எங்கள் அம்மாவை ஆண்டுச் சோதனைக்கு அழைத்துச் சென்றோம். அவரிடமும் சீட்டு இருந்தது, ஒன்பது வேலைகள். மருந்து விட்டபின் அவற்றில் எவையெவை செய்யத்தக்கவை என்பதைப் பேருந்திலேயே பேசி முடிவு செய்தோம். துணி எடுப்பதை அப்போதே நீக்கினோம். மங்கிய கண்ணோடு நிறம் பார்க்க முடியாது, பார்க்க முடியாமல் எடுத்துவிட்டு வீட்டில் வந்து 'இது வேற கலராயிருக்கே' என்று வருந்துவதும் வேண்டாம். மருத்துவமனையிலிருந்து நாங்கள் வெளிவந்தபோது மணி இரண்டைத் தாண்டியிருந்தது. மதுரையின் இரண்டு மணி வெயிலைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கறுப்புக் கண்ணாடியை மாட்டிவிட்டு, முக்காட்டை நெற்றிக்கு இழுத்துவிட்டு, எங்கள் வீட்டில் அவர்களும் நாமுமாக அம்மாவின் இருபுறமும் நின்று கோரிப்பாளையத்தில் சாலையைக் கடந்தோம். ஆல்பர்ட் விக்டர் பாலத்தின் மேல் ஆட்டோ சென்றபோது, வைகையில் தண்ணீர் இருக்கிறதா என்று அம்மா கேட்டார். 'உங்களுக்கு மட்டுமில்ல, எங்களுக்கும் தெரியலம்மா' என்றோம். சிரித்துவிட்டார்.

கீழமாசி வீதியின் மளிகைக் கடை ஒன்றில்தான் நாம் எழுத விரும்பும் அந்தச் சிறு நிகழ்ச்சி நடந்தது. விலைச் சீட்டைப் படிக்க முடியாத அம்மா, தம் சுருக்குப் பையை அவிழ்த்துக் கடைக்காரர் முன் நீட்டி, 'நீயே எடுத்துக்க தம்பி, கண்ணுல மருந்து விட்ருக்கு' என்றார். பணம் கொடுக்க நாங்கள் அருகிலேயே இருந்தோம். ஆனால் தம் கையால் கொடுப்பது அவருடைய வழக்கம். அந்தச் சகோதரர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். அவர் பையிலிருந்து தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து, 'இது இருநூறும்மா, இது நூறு' என்று சொல்லிக்கொண்டே மேசையில் வைத்தார். மீதியை அவர் உள்ளங்கையில் வைத்து, விரல்களை மடித்தும் விட்டார். பருப்பை நிறுத்தபோது தராசு காட்டிய எண்ணை, கேட்காமலேயே வாய்விட்டுப் படித்தார்.

அளவையில் மோசடி செய்வோரைக் கண்டிக்க அல்லாஹ் ஓர் அத்தியாயத்தையே இறக்கினான். 83-ஆவது அத்தியாயமான அல்முதஃப்பிஃபீன். நபி (ஸல்) அவர்கள் மதீனாவின் சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, அடியில் ஈரம் இருப்பதைக் கண்டு வணிகரைக் கண்டித்த செய்தி முஸ்லிமில் உள்ளது. பார்க்க முடியாத பகுதியில் என்ன இருக்கிறது என்பதில்தான் வணிகத்தின் நேர்மை இருக்கிறது என்பதற்கு அந்தக் குவியலே சான்று. விரிந்த பாவையோடு கடைத்தெருவில் நடப்பவருக்கு எல்லாப் பொருளும் அத்தகைய குவியல்தான். நம் கடைகளுக்கும் இப்படிப்பட்ட வாடிக்கையாளர்கள் வருகிறார்கள். கண்புரையோடும் வருகிறார்கள், எழுத்தறியாமலும் வருகிறார்கள். அவர்களிடம் தாளை ஒவ்வொன்றாகச் சொல்லி எண்ணுகிறோமா? பார்வை குறைந்தவருக்காக நாம் பார்த்துச் சொல்வதும் தர்மம் என்று அபூதர் (ரலி) வழியாகத் திர்மிதியில் செய்தி உள்ளது. ஸதகா என்றவுடன் பணத்தை மட்டுமே நினைக்கும் நமக்கு, தராசின் எண்ணை வாய்விட்டுப் படிப்பதும் அதில் சேரும் என்பதை அன்று அந்தச் சகோதரர் செய்து காட்டினார்.

அடுத்ததாக மருந்துக் கடைக்குச் சென்றோம். அங்கே அம்மாவின் மாத்திரை அட்டையில் காலாவதித் தேதியை எங்கள் வீட்டில் அவர்கள் படித்துச் சரிபார்த்தார்கள். இதைக் குறிப்பிடக் காரணம் உண்டு. மருந்து விட்ட அன்று தனியாக மாத்திரை வாங்குவது ஆபத்தான காரியம். ஒரே நிற அட்டைகளில் மில்லிகிராம் அளவு மட்டும் மாறியிருக்கும். விளக்குத்தூண் பக்கம் வந்தபோது ஜிகர்தண்டா வாசனையில் அம்மாவின் நடை சற்றே தளர்ந்ததை நாங்கள் கவனித்தும் கவனியாதது போல் இருந்துவிட்டோம். அஸர் தொழுகையைக் காஜிமார் பெரிய பள்ளிவாசலில் நாம் நிறைவேற்றியபோது, அருகிலிருந்த உறவினர் வீட்டில் பெண்கள் இருவரும் தொழுதார்கள். ஒன்பது வேலைகளில் நான்கு முடிந்திருந்தன. மீதி ஐந்தில் நான்கை மறுநாள் மத்ரஸா விட்டபின் நாமே சென்று முடித்தோம். துணியை மட்டும் அம்மாவே பத்து நாள் கழித்து வந்து, தெளிந்த கண்ணோடு, நான்கு கடை ஏறி இறங்கி எடுத்தார்.

இதை ஒரு பெரிய தியாகமாகச் சொல்ல வரவில்லை. ஒரு பிற்பகலும் மறுநாள் ஒரு மணி நேரமும்தான் செலவாயின. நம் வீடுகளின் ஆண்கள் இந்தச் சிறிய கணக்கைப் போட மறுக்கிறார்கள் என்பதே நம் வருத்தம். நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று கேட்கப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்தால் புறப்பட்டுவிடுவார்கள் என்று ஆயிஷா (ரலி) அவர்கள் விடையளித்தது புகாரியில் உள்ளது. அந்தச் சுன்னத்தின் பிற்பகுதியைப் பேணும் நாம் முற்பகுதியைப் பெண்களிடமே விட்டுவிட்டோம். தாயைக் கண் மருத்துவமனையின் வாசலில் இறக்கிவிட்டு, 'முடிஞ்சதும் போன் பண்ணுங்க' என்று வண்டியைத் திருப்பும் மகனுக்கு, உள்ளே அவள் மருந்து வேண்டாமென்று மறுப்பது தெரியாது. தெரிந்துகொள்ள அவன் உள்ளே வந்திருக்க வேண்டும்.

வளைகுடாவிலும் மலேசியாவிலும் இருக்கும் பிள்ளைகளைப் பற்றியும் ஒரு சொல். அவர்கள் அனுப்பும் பணத்தில்தான் பல வீடுகளில் அடுப்பு எரிகிறது. அவர்களைக் குறை சொல்ல நமக்கு மனமில்லை. ஒவ்வொரு நாளும் வீடியோ அழைப்பில் 'சாப்பிட்டீங்களாம்மா?' என்று தவறாமல் கேட்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு முறையாவது, 'கண்ணுல மருந்து விட்டுப் பாத்தாங்களா? சீட்டுல என்ன எழுதிருக்கு? காட்டுங்க' என்று கேட்கலாம். 'பாத்தாச்சு, நல்லாருக்குன்னாங்க' என்ற விடையோடு நின்றுவிடக் கூடாது. மருந்து விடாமல் பார்த்ததற்கும் அதே விடைதான் வரும்.

ஜமாஅத்துகள் இதில் செய்யக்கூடியது பெரிதாக ஒன்றுமில்லை, ஆனால் பயனுள்ளது. பள்ளிவாசல்களில் கண் முகாம்கள் நடத்தப்படுவது நல்ல வழக்கமே. எனினும் முகாமில் குறை கண்டறியப்பட்டவர் அதன்பின் மருத்துவமனைக்குச் சென்றாரா என்று யாரும் கேட்பதில்லை. முகாம் நடத்திய ஜமாஅத்தே ஒரு பெயர்ப் பட்டியலை வைத்துக்கொண்டு, துணைக்கு ஆளில்லாத முதியவர்களோடும் கைம்பெண்களோடும் செல்ல இரண்டு பேரை ஏற்பாடு செய்தால் போதும். மஹல்லாவின் இளைஞர்கள் கிரிக்கெட் போட்டிக்கு வேன் ஏற்பாடு செய்யும் வேகம் நமக்குத் தெரியும். முதியவர் சோதனையில் இருக்கும் நேரத்தில் அவருடைய ரேஷனை வாங்கி வருவதும் மின் கட்டணம் கட்டுவதும் அந்த வேகத்துக்கு முன் எம்மாத்திரம்? ரேஷன் கடையில் கைரேகை கேட்பார்களே என்று சொல்வீர்கள். உண்மைதான், அந்த ஒன்றை மட்டும் வேறு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இறுதியாக, நம்மிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகளுக்கு விடை. கண்ணில் சொட்டு மருந்து விட்டால் நோன்பு முறியுமா? ஹனஃபி, ஷாஃபிஈ ஆகிய இரு மத்ஹபுகளின் நிலைப்பாட்டிலும் முறியாது; தொண்டையில் அதன் கசப்புத் தெரிந்தாலும் சரியே. சர்க்கரை அளவைப் பார்க்க விரல் நுனியில் குத்தி இரத்தம் எடுப்பதாலும் நோன்பு முறியாது. கண் அறுவைக்குப் பின் சில நாள்கள் குனியக் கூடாது என்று மருத்துவர் தடுத்தால், அமர்ந்து சைகையால் ருகூஉவும் ஸுஜூதும் செய்து தொழ அனுமதி உண்டு. எனவே ரமலான் வருகிறது, அது கழியட்டும், பெருநாள் கழியட்டும் என்று சோதனையைத் தள்ள வேண்டியதில்லை. சென்ற முறை மருத்துவமனையில் கொடுத்த சீட்டை எடுத்து, அடுத்து வரச் சொன்ன தேதி தாண்டிவிட்டதா என்று இன்றே பாருங்கள். தாண்டியிருந்தால் இந்த வாரத்தில் ஒரு நாளைக் குறியுங்கள். அன்றைய பிற்பகலுக்குரிய கடைச் சீட்டை யார் வாங்கிக்கொள்வது என்பதையும் அப்போதே பேசி முடித்துவிடுங்கள்.

வஸ்ஸலாம்.